கீழ்க்குரல்

அன்று பேருந்து நிலையத்தில் நான் சொல்லாமல் விட்டவை இரண்டே சொற்கள்: "நானும் வரேன்."

அக்கா தன் பக்கத்து இருக்கைக்கும் ஒரு டிக்கெட் எடுத்து, அதில் கிட்டார் பெட்டியை நிறுத்தி வைத்திருந்தாள். மலைமேல் ஒரு வீட்டை ஐந்து மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்திருந்தாள். பனிக்காலத்தைப் பற்றி அவளே எழுதிய பாட்டுகளை அந்தப் பனிக்குள்ளேயே உட்கார்ந்து பாடிப் பதிவு செய்ய வேண்டும் என்பது அவள் எண்ணம். ஒரு கிட்டார், ஒரு குரல், அதற்குக் கீழே இன்னொரு குரல். வேறு வாத்தியம் கிடையாது. அந்த இன்னொரு குரல் ஏழு வயதிலிருந்து நான்தான். இந்தப் பாட்டுகளை அவள் அறைக்குள் கட்டிக்கொண்டிருந்த மாதங்களில், சுவருக்கு இந்தப் பக்கம் பாத்திரம் கழுவியபடி ஒவ்வொன்றுக்கும் கீழ்க்குரலை நான் பாடி வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

பேருந்தின் சன்னல் வழியாக நான் சொன்னது: "காதை மூடிக்கோ." அவள் சொன்னது: "அம்மாவைப் பார்த்துக்கோ."

அதன்பின் எழுதிக்கொண்ட கடிதங்கள் இவை. நான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறவள். கை சும்மா இருக்காது. அக்காவின் ஒற்றுப்பிழைகளை மட்டும் சரிசெய்திருக்கிறேன். வேறெதையும் இப்போது மாற்றவில்லை. மாற்றியது அப்போது, ஒரே ஒரு முறை.

*

நவம்பர் 9

அன்புள்ள சின்னவளுக்கு,

முழுசாக வந்து சேர்ந்தேன், கிட்டாரும் முழுசாக. நீ எப்படி இருக்கிறாய்? அம்மாவின் இருமல் எப்படி? வெந்நீர் குடிக்கச் சொன்னால் டீயைக் குடித்துவிட்டு "அதுவும் வெந்நீர்தானே" என்பாள். ஏமாந்துவிடாதே.

இங்கே போன் எடுக்காது. பால் வண்டிக்காரர் வாரத்தில் இரண்டு நாள் தபாலை வாங்கிக்கொண்டு கீழே போகிறார். அதுவும் நல்லதுதான். போனில் நாம் இரண்டு பேரும் மூன்றாவது நிமிடத்தில் சண்டைக்கு வந்துவிடுகிறோம்.

பதிவுக்கு, மரப்பலகை அடித்த ஒரு சின்ன அறை. ஒலிப்பதிவு செய்கிறவரை எல்லாரும் மைக் அண்ணன் என்கிறோம். அவருக்கு மூன்று எதிரிகள்: ஹீட்டர், ஃபிரிட்ஜ், என் கோட்டு. ஹீட்டர் முனகுகிறதாம், ஃபிரிட்ஜ் பெருமூச்சு விடுகிறதாம், கோட்டு உரசுகிறதாம். முதல் இரண்டையும் அணைத்துவிட்டு, மூன்றாவதைக் கழற்றிவிட்டு, கம்பளியைச் சுற்றிக்கொண்டு பாடுகிறேன். ஒரு பாட்டு முடிந்ததும் ஹீட்டரைப் போட்டுக் கையைக் காட்டுவது, அணைப்பது, மறுபடி பாடுவது. அறை சூடானால் தந்தி தளர்ந்து சுருதி இறங்குகிறது; குளிர்ந்தால் ஏறுகிறது. பாதி நாள் சுருதி சேர்ப்பதிலேயே போய்விடுகிறது. "விரல் விறைச்சிருந்தா விறைச்ச சத்தமே வரட்டும்மா, குளிர்காலப் பாட்டுதானே" என்கிறார் மைக் அண்ணன், தன் கைகளைப் பையிலிருந்து எடுக்காமலே.

கீழ்க்குரலுக்கு ஒரு பெண் வந்திருக்கிறாள். நன்றாகப் பாடுகிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீளமாக எழுது.

உன் அக்கா

*

நவம்பர் 17

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் சுகமே. இருமல் பகலில் இல்லை. இரவில் இருக்கிறது என்று அம்மா ஒப்புக்கொள்வதில்லை. உன் தொண்டை எப்படி இருக்கிறது? படுக்கும்போது கழுத்தில் துணி சுற்றிக்கொள்கிறாயா?

அச்சகத்தில் இது நாட்காட்டிக் காலம். நேற்று ஒரு நாட்காட்டியில் பிப்ரவரிக்கு முப்பது நாள் இருந்தது. மூன்று பேர் பார்த்துக் கையெழுத்துப் போட்டபின் நான் பிடித்தேன். முதலாளி, "விட்டிருந்தா ரெண்டு நாள் கூட வேலை வாங்கியிருக்கலாமே, கெடுத்துட்டியே" என்றார். அதுதான் அவர் பாராட்டும் விதம்.

கீழ்க்குரலுக்கு ஆள் கிடைத்ததில் சந்தோஷம். மனதாரச் சொல்கிறேன். குரல் கனமா, மெலிசா? மூச்சை எங்கே எடுக்கிறாள்? வரியின் கடைசியை நீ இழுப்பாயே, அது எங்கே முடியும் என்று உனக்கே தெரியாது. அது அவளுக்குப் பிடிபட்டுவிட்டதா? எனக்கு மூன்று வருடம் ஆயிற்று. சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அம்மா உன்னைக் காதை மூடிக்கொள்ளச் சொல்கிறாள். நான் முன்பே சொல்லிவிட்டேன் என்றேன்.

சின்னவள்

பி.கு.: உன் கடிதத்தில் ஏழு ஒற்றுப்பிழை.

*

நவம்பர் 28

அன்புள்ள சின்னவளுக்கு,

என் தொண்டைக்கு ஒன்றும் இல்லை. கழுத்தில் துணியும் இருக்கிறது, போதுமா? ஒற்றுப்பிழைக்கு மன்னிப்பு. இந்தக் குளிரில் மெய்யெழுத்துகள் விறைத்துக் கீழே விழுந்துவிடுகின்றன. அம்மாவுக்கு இரவில் தலையணையை உயர்த்தி வை.

அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டிருந்தாய். பால் வண்டிக்காரர் எங்கள் இருவரையும் கம்பளியோடு பார்த்துவிட்டு, "அக்கா தங்கச்சியாம்மா?" என்று கேட்டார். மைக் அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றிலிருந்து அவளுக்குத் தங்கச்சி என்றே பெயராகிவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன். குரல் மெலிசு. என் மூச்சோடு சேர்ந்து மூச்சு எடுக்கிறாள். தும்மினால் உன்னைப் போல மூன்றாகத் தும்முகிறாள்!

முந்தாநாள் இந்த வருஷத்தின் முதல் பனி கொட்டியது. மறுநாள் காலை எழுந்தால் வெளியே ஒரு சத்தம் இல்லை. நாய், வண்டி, மரம், எல்லாவற்றின் வாயையும் யாரோ பொத்திவிட்டது போல. "இதுக்குத்தாம்மா நான் காத்துக்கிட்டிருந்தேன்" என்று மைக் அண்ணன் பல்கூடத் துலக்காமல் ஓடிவந்தார். மத்தியானத்துக்குள் நாலு பாட்டு முடிந்தது.

எட்டுப் பாட்டு இருக்கிறது. ஒன்பதாவதாக நம்முடைய போர்வைப் பாட்டைப் போடலாம் என்று நினைக்கிறேன். உடைந்த கண்ணாடிக்கு அட்டை ஒட்டிய அந்த மாடி அறையில், அம்மா இஸ்திரிக் கடையிலிருந்து வரும்வரை ஒரே போர்வைக்குள் கிடந்து கத்துவோமே, அது. நான் மேலே பாடுவேன், அதே நேரத்தில் நீ கீழே வேறு வார்த்தைகளைப் பாடுவாய். என் நாலு வரியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன்னுடையது ஒன்றுகூட இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. எழுதி அனுப்புகிறாயா? தங்கச்சி பாடுவதற்கு வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

டிசம்பர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். நாங்கள் சௌக்கியம். அங்கே எல்லாரும் சௌக்கியமா? எல்லாரும் என்றால் எல்லாரும்.

தலையணையை உயர்த்தினேன். "என்னை உட்கார வச்சே தூங்கப் பண்றியா? பஸ்ஸுல போற மாதிரி இருக்குடி" என்று அம்மா இறக்கிவிட்டாள். உனக்குத் தங்கச்சி என்று ஒருத்தி இருப்பதைச் சொன்னேன். டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "எனக்குத் தெரியாம எப்படி?" என்றாள்.

ஒரே வீட்டில் ஒரே மாதிரி தும்மியவர்களைப் பற்றி எனக்குத் தெரியும். வேறு வேறு வீட்டில் பிறந்தவர்கள் ஒரே மாதிரி தும்முவது ஜலதோஷத்தால். அவளை மருந்து சாப்பிடச் சொல்.

அந்தப் பாட்டு எழுதிய நோட்டைத் தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கும் அவ்வளவு ஞாபகம் இல்லை. சின்னப் பிள்ளைகள் உளறியது. அதைப் பெரிய மனுஷிகள் பாட வேண்டுமா?

இங்கே பனி கொட்டவில்லை. குளிர் மட்டும்.

சின்னவள்

*

டிசம்பர் 22

அன்புள்ள சின்னவளுக்கு,

சுகம்தானே? உன் கடிதம் ஒரு தினுசாக இருந்தது. காய்ச்சலா?

உனக்கு ஞாபகம் இல்லையா? மூன்றாம் வகுப்பில் எந்தப் பென்சிலை யார் கடித்தார்கள் என்று ஞாபகம் வைத்திருக்கிறவள் நீ. நோட்டு அம்மாவின் டிரங்குப் பெட்டியில், பழைய மின்கட்டண ரசீதுகளுக்கு அடியில் இருக்கும். நீல அட்டை.

கிடைக்காவிட்டால் கவலைப்படாதே. தங்கச்சி அந்த இடத்துக்குத் தானாகவே நாலு வரி கட்டியிருக்கிறாள். அழகாகத்தான் இருக்கிறது. "ஒண்ணும் வரலேன்னா இதையே வச்சுக்கலாம் அக்கா" என்றாள். ஆனால் உன் வரிதான் எனக்கு வேண்டும். மாதக் கடைசிவரை பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இங்கிருந்து ஒரு கம்பளிக் காலுறை அனுப்பியிருக்கிறேன். உனக்கும். உன்னுடையது பச்சை.

அக்கா

*

டிசம்பர் 30

அன்புள்ள அக்காவுக்கு,

காய்ச்சல் இல்லை. காலுறை வந்தது. அம்மா இரண்டு ஜோடியையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். உன் நலத்தைக் கேட்டதாக எழுதச் சொன்னாள்.

நோட்டு கிடைத்தது, நீ சொன்ன இடத்திலேயே. கீழே எழுதியிருக்கிறேன். மேல் வரிகள் உன்னுடையவை, சரிபார்த்துக்கொள்.

மேலே:
பனி வந்தாச்சு, கதவச் சாத்து
போர்வை ஒண்ணு, ஆளு ரெண்டு
காலு ரெண்டும் கல்லாப் போச்சு
குளிரு போக என்ன வேணும்?

கீழே:
சாத்தியாச்சு, சந்துல காத்து
உனக்குப் பாதி, எனக்கு மீதி
என் காலு மேல உன் காலை வை
நெருப்பு வேணும், நீதான் வேணாம்

இவ்வளவுதான். தங்கச்சிக்குப் பயன்படட்டும்.

சின்னவள்

*

நோட்டில் இருந்தது: "நெருப்பு வேணாம், நீதான் வேணும்."

வேறு எதையும் தொடவில்லை. ஒரு ணா, ஒரு ணு. இரண்டும் இடம் மாறின. அச்சகத்தில் இப்படி எழுத்து இடம் மாறுவது அன்றாடம் நடப்பது. அதைப் பிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். எந்த இடத்தில் மாறினால் அதிகம் வலிக்கும் என்பதும் அந்த வேலை கற்றுக்கொடுத்ததுதான். தாளை மடித்து உறையில் போட்டேன். தங்கச்சி என்று பெயர் வைக்கப்பட்ட ஒருத்தி மைக்குக்கு முன்னால் நின்று, என் அக்காவைப் பார்த்து "நீதான் வேணாம்" என்று பாடுவாள். அதை மட்டும் நினைத்துக்கொண்டேன். அந்த வரியை எழுதிய ஏழு வயதுக்காரி நான் என்பதை அக்கா நினைப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு மாதம் பதில் இல்லை.

*

ஜனவரி 31

அன்புள்ள சின்னவளுக்கு,

நலமாக இருக்கிறாயா? அம்மா நலமா? நான் நலம் என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன்.

உன் கடிதம் வந்த அன்று நான் பாடவில்லை. ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். மைக் அண்ணன் ஏதோ சாவு என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

அந்த வருஷமெல்லாம் என் வாய்க்குக் கீழே நீ இதைத்தான் பாடிக்கொண்டிருந்தாயா? ஒரே போர்வைக்குள் கிடந்துகொண்டு? எனக்குக் கேட்கவே இல்லை, சின்னவளே. ஏன் கேட்கவில்லை என்று சொல்கிறேன். இதை உனக்குச் சொல்வதே இல்லை என்று இருந்தேன். ஆனால் நீ ஏழு வயதில் உள்ளதைச் சொன்னவள். நான் இந்த வயதிலாவது சொல்ல வேண்டும்.

நான் ஆறாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் நாம் சேர்ந்து பாடினோமே. முடிந்ததும் பாட்டு டீச்சர் இன்னொரு டீச்சரிடம் சொன்னதை மேடைக்குப் பின்னாலிருந்து கேட்டேன். "பெரியவ நல்லாப் பாடறா. ஆனா சின்னவ சேரும்போதுதான் அது பாட்டா ஆகுது." அன்றிலிருந்து நான் சத்தமாகப் பாடினேன். மாடி அறையில் கத்தியதெல்லாம் குளிருக்காக அல்ல. உன்னை மூட. அதனால்தான் உன் வரி ஒன்றுகூட என்னிடம் இல்லை.

இந்தப் பாட்டுகளுக்கு நீ சமையலறையில் கீழ்க்குரல் பாடியது எனக்குத் தெரியும். சுவர் அவ்வளவு கனமில்லை. தங்கச்சி பாடுவதைவிட அது எங்கேயோ இருந்தது. அதற்காகவே கூப்பிடவில்லை. அன்று பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது, "நானும் வரேன்" என்று நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ காதை மூடிக்கொள்ளச் சொன்னாய். வண்டி திரும்பியதும் அப்பாடா என்று மூச்சுவிட்டேன்.

என்னை வேண்டாம் என்று பாட உனக்கு உரிமை உண்டு. அப்போதும், இப்போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

நானும் அம்மாவும் நலம். இருமல் நின்றுவிட்டது. இங்கே குளிர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அச்சகத்தில் பள்ளிப் பாடநூல் வேலை தொடங்கிவிட்டது. முதலாளி எனக்குப் புது விளக்கு வாங்கிக் கொடுத்திருக்கிறார். நீ நன்றாகச் சாப்பிடு.

வேறு விசேஷம் இல்லை.

சின்னவள்

*

பிப்ரவரி 20

அன்புள்ள சின்னவளுக்கு,

நீங்கள் இருவரும் நலம் என்று தெரிந்து நிம்மதி. நானும் நலம். இது வேலைக் கடிதம், சுருக்கமாக எழுதுகிறேன்.

போர்வைப் பாட்டு பதிவாகிவிட்டது. போன வாரம் கடைசிப் பனி. காலையில் ஒரே முறைதான் பாடினோம். நான் கத்தவில்லை. இந்தத் தடவை கீழ்க்குரல் கேட்கட்டும் என்று பேசுவது போலப் பாடினேன். தங்கச்சி கடைசி வரியைப் பாடும்போது என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டாள். முடிந்ததும் மைக் அண்ணன் இயந்திரத்தை நிறுத்த மறந்துவிட்டார். அப்புறம், "ரெண்டாவது தடவை வேணாம்மா. இது மறுபடி வராது" என்றார். ஒன்பதில் இதுதான் நல்ல பாட்டு. எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

பாட்டு வரிகளைச் சின்னப் புத்தகமாகப் போட்டு இசைத்தட்டோடு தருகிறோம். புரூஃப் இதோடு இருக்கிறது. உன்னைவிட்டால் எனக்கு யாரைத் தெரியும்? பிழை பார்த்து மார்ச் பத்துக்குள் அனுப்பு. இசைத்தட்டு தயாரிப்புக்குப் போய்விட்டது. இது மட்டும்தான் பாக்கி.

அம்மாவுக்கு அன்பு.

அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்த பிறகும்.

புரூஃபைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இருபத்தொரு பிழை. இருபது ஒற்று. அவை உன்னுடையவை. இருபத்தொன்றாவது, கடைசிப் பக்கம், நாலாவது வரி. அது என்னுடையது.

அந்த இடத்தில் நான் போட்டிருப்பது இடமாற்றக் குறி. ஒன்றன்மேல் ஏறி, அடுத்ததன் கீழ் இறங்கி, பாம்பு போல வளைந்து போகும் கோடு. இவை இரண்டும் இடம் மாறிவிட்டன, மறுபடி மாற்று என்று பொருள். "நெருப்பு வேணாம், நீதான் வேணும்." நோட்டில் அப்படித்தான் இருக்கிறது. நான் அப்படித்தான் பாடினேன். மாற்றியது டிசம்பர் முப்பதாம் தேதி, என் மேசையில், நல்ல வெளிச்சத்தில்.

காரணம் உனக்குத் தெரியும். 'தங்கச்சி' என்ற சொல்லை நீ எனக்கு எழுதிய கடிதத்திலேயே இன்னொருத்திக்குக் கொடுத்தாய். அவள் தும்மல்கூட எனக்குப் பொறுக்கவில்லை. பெரிய காரணம் வேறு இருந்தால் சொல்லியிருப்பேன், இல்லை.

உன் ஜனவரிக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டீச்சர் சொன்ன வரியை முதலில் படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. நீ அங்கே ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாய் என்று தெரிந்தும். அந்தச் சந்தோஷத்தை இன்னும் சில நாள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் பேசாமல் இருந்தேன்.

நேற்று அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு புரூஃபைப் புரட்டினாள். "இது யாருடி தலைகீழாப் போட்டது?" என்றாள்.

"அக்கா அப்படித்தான் பாடியிருக்கா."

"அவ பாடுவா. நீ பாடினது எனக்குத் தெரியாதா? கடையிலேர்ந்து வந்து மூணாவது படியில நின்னு மூச்சு வாங்குவேன். அவ கத்தறதுல ஒரு எழுத்து புரியாது. அடியில உன் குரல்தான் தெளிவாக் கேக்கும். 'நெருப்பு வேணாம், நீதான் வேணும்.' நாள் பூரா இஸ்திரிப் பெட்டியைப் பிடிச்ச கையோட நிப்பேனா, என்னைத்தான் கூப்பிடுதுன்னு நினைச்சுக்குவேன். பைத்தியக்காரி மாதிரி."

என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு போர்வையா வாங்கியிருக்கணும்" என்றாள்.

மன்னிப்பு என்று எழுத வரவில்லை. குறியைப் போட்டுவிட்டேன்.

சின்னவள்

*

மார்ச் 21

சின்னவளுக்கு,

நான் நலம். அம்மா நலமா? உன்னைப் பற்றி இந்தக் கடிதத்தில் விசாரிப்பதாக இல்லை.

புரூஃப் வந்தது. இருபத்தொரு திருத்தமும் போட்டாயிற்று. புத்தகத்தில் 'நீதான் வேணும்' என்று இருக்கும். பாட்டில் 'நீதான் வேணாம்' என்று இருக்கும். மறுபடி பாட முடியுமா என்று மைக் அண்ணனைக் கேட்டேன். பனி உருகிவிட்டது, வீட்டுக்குப் பின்னால் ஓடை ராத்திரி பகலாக இரைகிறது. ஹீட்டரை அணைக்கலாம், ஓடையை எப்படி அணைப்பது? "இனி அடுத்த பனிக்குத்தாம்மா" என்றார்.

ஒரு மாதம், ஒரு ணாவுக்காக, கம்பளிக்குள் அழுதேன். தங்கச்சி எனக்குச் சூப் வைத்துக் கொடுத்தாள். அது உனக்குத் தெரிந்திருக்கட்டும். இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். 'நல்ல வெளிச்சத்தில்' என்று எழுதியிருக்கிறாய் பார், அதற்கு.

நீ எழுதியது பொய். அதை நம்பி நான் எழுதியது நிஜம். உன்னுடையதற்குக் குறி போட்டுவிட்டாய். என்னுடையதற்கு உங்கள் அச்சகத்தில் ஏதாவது குறி இருக்கிறதா?

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறோம். நூலக அரங்கில் பாட்டு. அம்மாவுக்கு முன்வரிசையில் டிக்கெட் வைத்திருக்கிறேன். உனக்கு வேண்டுமானால் நீயே வாங்கிக்கொள்.

அக்கா

*

இசைத்தட்டு ஏப்ரல் முதல் வாரத்தில் வெளிவந்தது. கடைசிப் பாட்டில் அச்சுப்பிழை இருப்பதாக, வாங்கியவர்களில் மூன்று பேர் அக்காவுக்கு எழுதியிருந்தார்களாம். புரூஃப் பார்த்தவர் தூங்கிவிட்டாரா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

ஏப்ரல் பத்தொன்பது மாலை நூலக அரங்குக்கு அம்மாவோடு போனேன். அம்மா முன்வரிசை. நான் டிக்கெட் வாங்கி ஏழாவது வரிசையில் உட்கார்ந்தேன். தங்கச்சி நான் நினைத்ததைவிடச் சின்னப் பெண், பெரிய மூக்கு. எட்டுப் பாட்டையும் அவள் நன்றாகவே பாடினாள். போர்வைப் பாட்டிலும் மூன்று வரி பாடினாள். நாலாவது வரிக்கு முன் மைக்கைவிட்டு ஓரடி பின்னால் போய்க் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். அக்கா "குளிரு போக என்ன வேணும்" என்று பாடி, அதன் கடைசியை இழுத்தாள். அவள் குரலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. அவள் நிறுத்தவும் இல்லை.

நான் பாடினேன், நோட்டில் இருந்தபடியே. உட்கார்ந்த இடத்திலிருந்தே, மெதுவாக. பக்கத்து நாற்காலிக்காரர் என் பக்கம் திரும்பி, "உஷ்" என்றார்.